முத்தத்துக்குப் பிறகு எத்தனை நாள்? அறிவியல் புனைவுத் தொடர்களில் தன்பாலினக் காதல்

"ஆயிரம் கிரகங்களையும் அவற்றில் ஆயிரம் விதமான உயிர்களையும் கற்பனை செய்தவர்களுக்கு, இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து வாழ்வதைக் கற்பனை செய்ய ஏன் இத்தனை காலம் ஆனது? இப்போது எந்தத் தொடரைப் போட்டாலும் அப்படி ஒரு ஜோடி வருகிறதே, அது கதைக்குத் தேவையா, திணிப்பா? வந்தாலும் இருவரில் ஒருவரைச் சாகடித்துவிடுகிறார்களே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு தொடர் இந்தக் காதலை மனதாரச் சொல்கிறதா, ஒப்புக்குச் சொல்கிறதா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தொடர்களின் கதை விவாதங்களில் பல வருடங்களாக உட்கார்ந்து வருபவன், அறிவியல் புனைவை விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முத்தக் காட்சி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அந்த இருவருக்கும் எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கதைக்குள் அவர்களுக்கு ஒரு நேற்று உண்டா, ஒரு நாளை உண்டா, எதுவுமே நடக்காத ஒரு சாதாரண மாலை உண்டா? நான் பேசப்போவது பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களைப் பற்றி. எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தவை அவைதான். முடிவுகள் தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவுகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சைப் பேச முடியாது.

தாமதத்திலிருந்து தொடங்குகிறேன். 1966-இல் வந்த ஸ்டார் டிரெக், மனிதர்கள் தங்களுக்குள் இருந்த வெறுப்புகளைத் தாண்டிவிட்ட ஓர் எதிர்காலத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டது. 1968-இல் வெள்ளைக்கார கேப்டன் கிர்க்கும் கறுப்பினப் பெண் அதிகாரி உஹூராவும் முத்தமிட்ட காட்சியை ஒளிபரப்பும் துணிச்சல் அதற்கு இருந்தது. தன்பாலினக் காதல் என்று வரும்போது மட்டும் அந்தத் துணிச்சல் காணாமல் போனது. ஆனால் பார்வையாளர்கள் காத்திருக்கவில்லை. 1970-களிலேயே கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் காதலர்களாக இருக்கும் கதைகளை ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், தாங்களே எழுதித் தாங்களே அச்சிட்ட சிற்றிதழ்களில் பகிர்ந்துகொண்டார்கள். ஆகவே "அன்று யாருக்கும் தோன்றவில்லை" என்ற சமாதானம் எடுபடாது. தோன்றியவர்கள் நிறையப் பேர். ஒளிபரப்பு அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

1987-இல் அடுத்த தொடரான தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் வந்தபோது, எழுத்தாளர் டேவிட் ஜெரால்டு ஒரு திரைக்கதை எழுதினார். எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த காலம். ரத்தத்தின் வழியே பரவும் ஒரு கொடிய தொற்றைச் சுற்றிய கதை. அதில் இரண்டு ஆண் அதிகாரிகள் ஜோடியாக இருந்தார்கள். அந்தத் திரைக்கதை படமாக்கப்படவில்லை, ஜெரால்டும் தொடரைவிட்டு வெளியேறினார். இதுவரை சொன்னதில் சந்தேகமில்லை. ஏன் படமாக்கப்படவில்லை என்பதில்தான் பேச்சு பிரிகிறது. அந்த ஜோடிதான் காரணம் என்பது ஜெரால்டு சொல்வது. கதையிலேயே குறை இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு கதை ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு அறைக்குள் இருந்த ஐந்து பேர் ஐந்து காரணம் சொல்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். ஏழு சீசன் ஓடிய அந்தத் தொடரில் கப்பலில் ஒரு தன்பாலின ஜோடிகூடக் கண்ணில் படவில்லை. பல ஆண்டுகள் கழித்து ரசிகர்கள் தன்னார்வமாக எடுத்த ஒரு தொடரில் அதே கதையை ஜெரால்டே இயக்கினார்.

நேராகச் சொல்ல முடியாதபோது அறிவியல் புனைவு தன் பழைய கருவியைக் கையில் எடுத்தது. வேற்றுக்கிரக வேடம் போட்டுச் சொல்வது. அதே தொடரில் 1991-இல் வந்த ஓர் எபிசோடில் கப்பலின் டாக்டர் பெவர்லி கிரஷர் ஓடான் என்ற தூதரைக் காதலிக்கிறார். ஓடான் உண்மையில் வேறொருவரின் உடலுக்குள் தங்கி வாழும் உயிர். அந்த உடல் சாகிறது. காதலர் வேறோர் ஆணின் உடலுக்குப் போகிறார், கிரஷர் தடுமாறினாலும் ஏற்கிறார். கடைசியில் ஒரு பெண்ணின் உடலில் வந்து நிற்கிறார். இத்தனை மாற்றங்களைத் தன்னால் தாங்க முடியவில்லை என்று கிரஷர் விலகிவிடுகிறார். 1992-இல் இன்னோர் எபிசோடு. ஆண், பெண் என்ற பிரிவே இல்லாத ஒரு சமூகம். அதில் தன்னைப் பெண்ணாக உணரும் சோரென், கப்பலின் துணைத் தலைவர் ரைக்கரைக் காதலிக்கிறாள். அது அங்கே குற்றம். விசாரணையில் எழுந்து நின்று, எங்களுக்கு நோய் இல்லை, எங்களைக் குணப்படுத்த வேண்டியதில்லை என்று அவள் பேசும் இடம் இன்றும் உடலை உலுக்குகிறது. ஆனால் அந்தக் கிரகவாசிகள் அத்தனை பேரையும் நடிகைகளே நடித்தார்கள். ஆகவே திரையில் நாம் பார்ப்பது ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும்தான். சோரென் வேடத்தை ஓர் ஆண் நடித்திருக்க வேண்டும் என்று ரைக்கராக நடித்த ஜொனாதன் ஃப்ரேக்ஸே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். இந்த இரண்டையும் நான் கோழைத்தனம் என்று ஒதுக்க மாட்டேன். எந்தப் பாத்திரமும் தன்னைப்போல் இல்லாத ஒரு காலத்தில், சோரெனின் பேச்சைக் கேட்டு யாரோ ஒருவர் தன் அறையில் அழுதிருப்பார். இருந்தாலும் வேடத்துக்கு ஒரு விலை உண்டு. "இது நம்மைப் பற்றி இல்லை" என்று பார்ப்பவர் தப்பித்துக்கொள்ள அது வழிவிடுகிறது.

வேடத்தை மிக நேர்மையாகப் பயன்படுத்திய எபிசோடு 1995 அக்டோபரில், ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் ஸ்டார் டிரெக் தொடரான டீப் ஸ்பேஸ் நைனில் வந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஜாட்ஸியா டாக்ஸ் ஒரு டிரில். அந்த இனத்தில் உடலுக்குள் தங்கும் உயிர் ஒரு மனிதரிலிருந்து இன்னொருவருக்குப் போகும், பழைய நினைவுகளோடு. லெனாரா என்ற விஞ்ஞானி நிலையத்துக்கு வருகிறார். முந்தைய பிறவி என்று சொல்லத்தக்க ஒரு வாழ்வில் இருவரும் கணவன் மனைவி. அந்தக் கணவன் ஒரு விபத்தில் அகாலமாகச் செத்துப்போனவன். இப்போது இருவரும் பெண்கள். டிரில் சட்டப்படி பழைய வாழ்வின் உறவைப் புதுப்பிப்பது பெருங்குற்றம். செய்தால் நாடுகடத்தல், உள்ளிருக்கும் உயிருக்கு அடுத்த உடல் கிடைக்காது. கதை முழுக்க எல்லாரும் பயப்படுவது இந்த விலக்குக்காக மட்டுமே. அவர்கள் இருவரும் பெண்கள் என்பதை அந்த நிலையத்தில் ஒருவரும் ஒரு பொருட்டாகக்கூடப் பேசுவதில்லை. சுற்றியிருப்பவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எழுதுகிறவன் கண்ணோடு பார்த்தால் இது பெரிய சாமர்த்தியம். பார்வையாளரின் தயக்கத்தைக் கதைக்குள் வரவே விடாமல், அதே தயக்கத்தின் கொடுமையை வேறு பெயரில் முழுசாகக் காட்டிவிடுகிறார்கள். முத்தமும் வேடிக்கை காட்டுவதற்காக வைத்ததில்லை. இழந்துபோன ஒரு திருமணத்தின் துக்கம் அதில் இருக்கிறது. டாக்ஸ் எல்லாவற்றையும் விடத் தயார். லெனாராவால் முடியவில்லை, கிளம்பிப் போகிறார். அதற்குப் பிறகு மூன்றரை சீசன் ஓடியது அந்தத் தொடர். லெனாரா ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. எவ்வளவு நல்ல எபிசோடு என்று வியக்கும்போதே எனக்கு உறுத்துவது இதுதான். அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் எபிசோடு.

அதே 1995-இல் பேபிலோன் 5 தொடரில் இவனோவா, டாலியா என்ற இரண்டு பெண்கள் நெருங்கினார்கள். நெருங்கிய அதே எபிசோடில் டாலியாவின் மூளைக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த வேறோர் ஆளுமை விழித்து, டாலியா என்பவளே இல்லாமல் போகிறாள். அடுத்த சீசனில், அவளைக் காதலித்தேன் என்று நினைக்கிறேன் என்று இவனோவா ஒரு வரி சொல்கிறாள். காதல் என்று பெயர் சொல்லப்பட்டபோது அது இறந்தகாலத்தில் இருந்தது.

பிரிட்டனில் நிலைமை வேறு மாதிரி திறந்தது. 2005-இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் டாக்டர் ஹூ என்ற பழைய காலப்பயணத் தொடரை மீட்டெடுத்தபோது கேப்டன் ஜாக் ஹார்க்னஸ் என்ற பாத்திரம் உள்ளே நுழைந்தது. 51-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்தவன், யாரை விரும்புகிறான் என்பதில் அவனுக்கு வேலியே கிடையாது. 2006-இல் அதிலிருந்து கிளைத்த டார்ச்வுட் தொடரில் அவனே நாயகன். அவனுக்கும் இயான்டோ ஜோன்ஸுக்கும் இடையிலான உறவு, கிண்டலில் தொடங்கி, மெதுவாகப் பொறுப்புள்ள ஒன்றாக மாறுவது அழகாக எழுதப்பட்டது. ஜாக் சாகாதவன். 2009-இல் வந்த ஐந்து நாள் கதையில் நான்காவது நாள் இயான்டோ காற்றில் பரப்பப்பட்ட வைரஸால் ஜாக்கின் மடியில் சாகிறான். ஆயிரம் வருடம் கழித்து என்னை நினைவில் வைத்திருக்க மாட்டாய் என்கிறான். ஒருவனிடம் முடிவில்லாத காலம், இன்னொருவனிடம் சில நொடிகள். இந்த ஏற்றத்தாழ்வைக் கதை அறிந்தே பேசியது என்பதால் அந்தச் சாவை நான் மட்டமானதாக நினைக்கவில்லை. ஆனால் வலி வலிதான். கார்டிஃப் துறைமுகப் பகுதியில் ரசிகர்கள் இயான்டோவுக்கு எழுப்பிய நினைவுச் சுவர், பல வருடங்கள் கடிதங்களாலும் பூக்களாலும் நிறைந்திருந்தது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. 2016 மார்ச் 3. தி ஹன்ட்ரட் என்ற தொடர். அணுப் போருக்குப் பிந்தைய உலகம். நாயகி கிளார்க், படைத் தலைவி லெக்ஸா. அந்த உலகில் ஒரு பெண் ஒரு பெண்ணைக் காதலிப்பது யாருக்கும் பிரச்சினை இல்லை. பகை, துரோகம், மன்னிப்பு என்று சீசன் கணக்கில் வளர்ந்த காதல் அந்த எபிசோடில் நிறைவேறுகிறது. சில நிமிடங்களிலேயே லெக்ஸா சாகிறாள். கிளார்க்கைக் குறிவைத்துச் சுட்ட குண்டு தவறி அவள் மேல் பாய்கிறது. இளம் பார்வையாளர்களின் கோபம் அன்றிரவே வெடித்தது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. பால்புதுமை (LGBTQ) இளைஞர்களின் தற்கொலையைத் தடுக்க உழைக்கும் டிரெவர் புராஜெக்ட் அமைப்புக்கு நிதி திரட்டினார்கள். தொடரின் தலைமை எழுத்தாளர் அந்த மாதக் கடைசியில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்து எழுதினார். அடுத்த ஆண்டே லாஸ் வேகஸில் க்ளெக்ஸாகான் என்ற பெயரில், இந்த ஜோடியின் பெயரையே தாங்கி, ஒரு மாநாடு தொடங்கியது.

அந்தக் குண்டைக் கவனியுங்கள். அறிவியல் புனைவைச் சேராத, ஆனால் இந்தப் பேச்சில் தவிர்க்க முடியாத பஃபி தொடரில் 2002-இல் டாரா செத்தது பஃபிக்கு வைத்த குறி தவறிய குண்டால். காதலி வில்லோவோடு சமாதானமாகிச் சேர்ந்த கையோடு. 2025-இல், ஸ்டார் வார்ஸ் உலகில் நடக்கும் ஆண்டோர் தொடரின் இரண்டாம் சீசனில் சின்டா, காதலி வெல்லோடு மீண்டும் சேர்ந்த கையோடு, சொந்தப் பக்கத்துக்காரர் கையிலிருந்து தவறி வெடித்த ஆயுதத்தால் சாகிறாள். மூன்று தொடர், மூன்று தலைமுறை எழுத்தாளர்கள், மூன்று முறையும் அவர்களுக்கென்று வைக்கப்படாத குறி, மூன்று முறையும் சேர்ந்த உடனே. எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆண்டோரில் போராட்டத்தின் அர்த்தமற்ற இழப்புகளைக் காட்டுவது கதையின் மையத்திலேயே இருக்கிறது; அங்கே அந்தச் சாவுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் முன்பு பலமுறை பார்த்துக் காயப்பட்டவருக்கு அந்த நியாயம் காதில் விழாது. அவரைக் குறைசொல்லவும் முடியாது.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்கு, வெறுப்பைக் காட்டிலும் சலிப்பூட்டும் ஒரு காரணம் இருக்கிறது. சீசனின் நடுப்பகுதியில் ஒரு பெரிய அதிர்ச்சி வேண்டும் என்று முடிவாகும். யாரைக் கொல்லலாம் என்று பாத்திரப் பட்டியலை எடுப்போம். நாயகியைக் கொல்ல முடியாது. நாயகியோடு நேரடி ரத்த உறவு உள்ளவர்கள் கதையைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களில், சாவு பார்வையாளரை உலுக்கவேண்டும், ஆனால் தொடர் நின்றுவிடக் கூடாது. அந்த இடத்தில் வசதியாக மாட்டுபவர் நாயகியின் காதலர், அதிலும் விருந்தினர் ஒப்பந்தத்தில் வந்து போகிறவர். லெக்ஸாவாக நடித்த அலிசியா டெப்னம்-கேரி அப்போது வேறொரு தொடரில் நிரந்தர நடிகை, தேதி கிடைப்பதே சிரமம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தன்பாலினக் காதலர்கள் பெரும்பாலும் இந்த விருந்தினர் வரிசையில்தான் வைக்கப்பட்டார்கள். ஆகவே அவர்களைக் கொல்லவேண்டும் என்று யாரும் தீர்மானம் போடாமலேயே அவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இதை எழுத்தாளர்களுக்கான மன்னிப்பாகச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் யாரை எங்கே வைக்கிறோம் என்பதே நாம் எடுக்கும் முடிவுதானே. ஆண்-பெண் ஜோடிகளும் சாகிறார்களே என்று ஒரு பதில் வரும். சாகிறார்கள். ஆனால் ஒரு தொடரில் பத்து ஜோடி இருக்கும்போது ஒன்று போனால் ஒன்பது மிச்சம். ஒன்றே ஒன்று இருக்கும்போது அது போனால் எதுவும் மிச்சமில்லை.

அப்படியானால் இவர்கள் சாகவே கூடாதா? இல்லை. இந்த வகையில் எல்லாரும் கொண்டாடும் இரண்டு எபிசோடுகளிலும் காதலர்கள் சாகிறார்கள். 2016 அக்டோபரில், லெக்ஸாவின் சாவுக்கு ஏழு மாதம் கழித்து, பிளாக் மிரர் தொடரில் சான் ஜூனிபெரோ வந்தது. 1987-இன் ஒரு கடற்கரை ஊரில் யார்க்கியும் கெல்லியும் சந்திக்கிறார்கள். போகப்போகத் தெரிகிறது, அது முதியவர்களும் இறந்தவர்களும் வாழும் ஒரு கணினி உலகம். வெளியே யார்க்கி, 21 வயதில் பெற்றோரிடம் தன்னைப் பற்றிச் சொன்ன இரவில் கார் விபத்தில் சிக்கி, 40 ஆண்டுகளாக உடல் அசையாமல் கிடப்பவள். கெல்லி 49 ஆண்டுகள் ஒரு கணவனோடு வாழ்ந்து அவனையும் மகளையும் பறிகொடுத்தவள். சார்லி புரூக்கர் முதலில் இதை ஓர் ஆண்-பெண் ஜோடிக்காக யோசித்து, பிறகு இரண்டு பெண்களாக மாற்றினார். 1987-இல் அவர்கள் நிஜத்தில் திருமணம் செய்திருக்க முடியாது என்பதால் கதை ஆழமாகும் என்பது அவர் சொன்ன காரணம். ஆழமானதுதான். யார்க்கியிடமிருந்து பறிக்கப்பட்ட காலத்தை அறிவியல் திருப்பிக் கொடுக்கிறது. இங்கே எதிர்காலத் தொழில்நுட்பம் அந்தக் காதலுக்காகவே இருக்கிறது, காதல் அலங்காரமாக ஒட்டவைக்கப்படவில்லை. 2017-இல் இரண்டு எம்மி விருதுகள் கிடைத்தன.

இன்னொன்று 2023 ஜனவரியில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொடரின் மூன்றாம் எபிசோடு. பூஞ்சைத் தொற்றில் உலகம் அழிந்த பிறகு பில் என்பவன் தன் ஊரைச் சுற்றி வேலி போட்டுத் தனியாக வாழ்கிறான். அவன் தோண்டிய குழியில் ஃப்ராங்க் விழுகிறான். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு உள்ளே அழைக்கப்பட்டவன் பதினாறு ஆண்டு தங்கிவிடுகிறான். மூலமான 2013 வீடியோ கேமில் ஃப்ராங்க் பில்லை வெறுத்துப் பிரிந்து, தூக்கில் தொங்கிய நிலையில் கிடைப்பான். தொடரை எழுதிய க்ரெய்க் மேசின் அதை முழுக்க மாற்றினார். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு காட்சியை. ஃப்ராங்க் பில்லைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறான். பில்லின் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து ரகசியமாக வாங்கிய விதையில் ஸ்ட்ராபெர்ரி காய்த்திருக்கிறது. பல வருடங்களாகப் பழத்தின் ருசியே அறியாத அந்த முரட்டு மனிதன் ஒன்றை வாயில் போட்டதும் குழந்தைபோலச் சிரித்துவிடுகிறான். அடுத்த நொடி, நீ வரும்வரை எனக்குப் பயமே இருந்ததில்லை என்கிறான். கதையை அந்தக் காட்சி ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. யாரும் துரத்தவில்லை, யாரும் சாகவில்லை. கதை விவாதத்தில் "இது எதற்கு, தூக்கிவிடலாம்" என்று முதலில் கைவைக்கப்படும் காட்சி அது. அதை வைத்திருந்ததால்தான், முதுமையில் நோயுற்ற ஃப்ராங்க் தன் கடைசி நாளைத் தானே தேர்ந்தெடுக்கும்போது, பில்லும் அவனோடு போகும்போது, அது ஒரு முழு வாழ்வின் முடிவாகத் தெரிகிறது. அந்த முடிவை இன்னும் ஏற்காதவர்கள் உண்டு. கடைசியில் இருவரும் செத்தார்கள் என்பதே அவர்கள் வாதம். என் பார்வையில் லெக்ஸாவின் சாவு இன்னொருவரின் கதைக்கு எரிபொருள். இவர்களுடையது இவர்கள் கதையின் கடைசிப் பக்கம். ஆனால் இது ரசனை சார்ந்த தீர்ப்பு, நிரூபணம் அல்ல.

ஸ்டார் டிரெக் டிஸ்கவரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2017-இல் பொறியாளர் ஸ்டமெட்ஸும் டாக்டர் கல்பரும் வந்தார்கள். நடித்த அந்தனி ராப்பும் வில்சன் குரூஸும் தங்கள் பால்புதுமை அடையாளத்தை வெளிப்படையாக அறிவித்தவர்கள். ஐந்தாம் எபிசோடின் முடிவில் இருவரும் இரவு உடையில் கண்ணாடி முன் நின்று பல் துலக்கிக்கொண்டே பேசுவார்கள். அவ்வளவுதான் காட்சி. டிரெக் வரலாற்றில் 50 வருடம் காத்திருந்து கிடைத்தது அந்தப் பல் துலக்கல். ஒன்பதாம் எபிசோடில் முதல் முத்தம். பத்தாம் எபிசோடில் கல்பரின் கழுத்து முறிக்கப்பட்டது. பார்வையாளர்கள் கொதித்தார்கள். கதை முடியவில்லை என்று தயாரிப்பாளர்கள் உடனே சொன்னார்கள், சொன்னபடி 2019-இல் இரண்டாம் சீசனில் கல்பரை உயிரோடு கொண்டுவந்தார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது. திரும்பி வந்தவன் பழைய ஆள் இல்லை. புது உடம்பு, பழைய நினைவு, எதிலும் ஒட்டுதல் இல்லை. ஸ்டமெட்ஸ் பழையபடி இருக்கலாம் என்று ஆசைப்பட, கல்பர் அறையைக் காலிசெய்துகொண்டு போகிறான். பிரிவு, தயக்கம், மறுபடி சேர்தல். பின்வந்த சீசன்களில் அடீரா என்ற இளையவரைத் தங்கள் பிள்ளைபோல வளர்க்கிறார்கள். செத்தவனை எழுப்புவது அறிவியல் புனைவுக்கு எளிது. எழுப்பிய பிறகு ஒரு தாம்பத்தியத்தின் சிக்கலை எழுதியதுதான் உழைப்பு.

இப்போது "திணிப்பா?" என்ற கேள்விக்கு வருகிறேன். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. ஏனென்றால் ஒப்புக்கு வைப்பது உண்டு. 2019-இல் வந்த ஒரு ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தில் வெற்றிக் கொண்டாட்டத்தின் நடுவே இரண்டு பெண்கள் ஒரு நொடி முத்தமிடுவார்கள். சிங்கப்பூரில் அந்த நொடியை வெட்டித் திரையிட்டார்கள், கதைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. வெட்ட வசதியாக வைக்கப்பட்ட காட்சியை நான் பெருமைக்குரியதாக எண்ணுவதில்லை. ஆனால் இதே சோதனையை வேறு தொடர்களில் செய்துபாருங்கள். ரெபெக்கா சுகரின் ஸ்டீவன் யூனிவர்ஸ் கார்ட்டூனில் கார்னெட் என்ற வேற்றுக்கிரகவாசி, ரூபி, சஃபையர் என்ற இரண்டு பெண்ணுருவங்கள் காதலால் ஒன்றாகி உருவானவள். கதையின் தூண்களில் ஒருத்தி அவள். அந்தக் காதலை வெட்டினால் அவளே இல்லை. 2018-இல் ரூபிக்கும் சஃபையருக்கும் திருமணமே நடந்தது, குழந்தைகளுக்கான தொடரில். விண்வெளிப் போட்டியின் வரலாறு வேறு மாதிரி போயிருந்தால் என்று கற்பனை செய்யும் ஃபார் ஆல் மேன்கைண்ட் தொடரில் விண்வெளி வீராங்கனை எலன், பாம் என்ற பெண்ணைக் காதலிக்கிறாள். வேலை போய்விடும் என்ற பயத்தில், தன்னைப்போலவே மறைந்து வாழும் லாரி என்ற ஆணை ஊருக்காக மணக்கிறாள். அந்த ஒரு பொய் இருபது வருடக் கதையை இழுத்துச் செல்கிறது. அமெரிக்க அதிபர் ஆன பிறகும் அவளை விடவில்லை. இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிஜம்: 1983-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட், டாம் ஓஷானெஸி என்ற பெண்ணோடு 27 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை உலகம் தெரிந்துகொண்டது 2012-இல் அவர் இறந்த பிறகு வந்த அறிவிப்பில்தான்.

இந்தப் பாத்திரங்கள் சமூகத்தின் மனதை மாற்றினவா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். தனிமனிதர்களைத் தாங்கிப் பிடித்தன என்பதற்குக் கடிதங்களும் மாநாடுகளும் சாட்சி. சட்டமும் பொதுக்கருத்தும் மாறியதில் தொடர்களின் பங்கைத் தனியாகப் பிரித்து எடைபோட என் தொழிலில் கருவி எதுவும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போயிருக்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். பார்வையாளர்களின் கை எவ்வளவு நீளும் என்பதற்கு மட்டும் ஒரு உறுதியான உதாரணம் உண்டு. வச்சோவ்ஸ்கி சகோதரிகள் இணைந்து உருவாக்கிய சென்ஸ் எய்ட் தொடரில் நோமி என்ற திருநங்கையாக ஜேமி க்ளேடன் என்ற திருநங்கையே நடித்தார். அவளுடைய காதலி அமனிட்டா. 2017 ஜூனில் தொடர் பாதியில் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் விடாமல் போராடியதால் 2018 ஜூனில் ஒரு நீண்ட இறுதி எபிசோடு வந்தது. அதில் நோமிக்கும் அமனிட்டாவுக்கும் ஈஃபில் கோபுரத்தில் திருமணம்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் சான் ஜூனிபெரோ. முன்கதை எதுவும் தேவையில்லை. இன்னொரு மணி நேரம் கிடைத்தால் தி லாஸ்ட் ஆஃப் அஸ் மூன்றாம் எபிசோடு. அதையும் தனியாகப் பார்க்கலாம். அதன் பிறகு 1995-இன் டீப் ஸ்பேஸ் நைன் எபிசோடுக்குத் திரும்புங்கள், நான்காம் சீசனில் ஆறாவது. அந்தக் காலத்து ஒளியமைப்பும் மெதுவான நடையும் முதலில் பத்து நிமிடம் பழகத் தேவைப்படும். பொறுத்துக்கொள்ளுங்கள், இயக்கியவர் ஏவரி ப்ரூக்ஸ் வசனம் இல்லாத இடங்களில் என்ன செய்திருக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும். நேரம் நிறைய உள்ளவர் என்றால் ஃபார் ஆல் மேன்கைண்டை முதல் சீசனிலிருந்தே தொடங்குங்கள். எலன் முதல் சில எபிசோடுகளில் ஓரத்தில்தான் நிற்பாள், அவசரப்பட்டு நடுவில் நுழையாதீர்கள்.